வடிவக்காவின் முதல் விருப்பம்

“மேடம், நான் எப்பதான் தனியா உக்காருறது?”

சங்கரவடிவு இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கேட்டுவிடுவாள்.

கேட்கப்பட்டவள் ஜெனோவா. திருநெல்வேலி ஜங்ஷனில் செருப்புக்கடை மாடியில் அவள் அலுவலகம். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று தெரியாமல் முழித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு வழி சொல்வது அங்கே வேலை. வயதில் அவள் வடிவைவிட நன்றாகவே இளையவள். ஆனாலும் வடிவு அவளை மேடம் என்பாள். அவள் வடிவை அக்கா என்பாள். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதைக்கு ஆகாது.

ஜெனோவா எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டினாள். பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி.

வடிவு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு முதல்ல என்னக்கா வேணும்?”

“எனக்கா?”

“இதுல உக்காருற எல்லார்ட்டயும் அதத்தான கேக்கோம். உங்ககிட்டயும் கேக்கேன்.”

“எனக்கு என்னத்த மேடம் வேணும்? நாப்பத்தஞ்சு ஆகப்போகுது. வீட்டுக்காரருக்கு பேட்டரிக்கடை நல்லா ஓடுது. குறைன்னு ஒண்ணுமில்ல.”

“சரி.”

“சரின்னா?”

“அடுத்த வருஷம் பாப்போம்.”

இந்தப் பதிலும் முதல் தடவை அல்ல.

வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வேலையில் அவளுக்குத் தெரியாதது எது? எந்தக் காலேஜில் எந்தப் பாடத்துக்கு நல்ல வாத்தியார் இருக்கிறார், எந்த ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது, எந்த விளம்பரத்தை நம்பிப் போனால் நடுத்தெருவில் நிற்க வேண்டும், எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். பள்ளிக்கூட ஆபீசில் இருந்த கிளார்க் வேலையை உதறிவிட்டு ஆசைப்பட்டு இங்கே வந்தவள். பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பிவைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிறைவு. சீக்கிரம் மேடம் துணையில்லாமல் தனியாக உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வழி சொல்ல வேண்டும், பிறகு தென்காசியில் தன் பேரில் ஒரு அலுவலகம் போட வேண்டும். தன் ஆசை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒன்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்டேஷன் பக்கமிருந்து சென்னை வண்டியின் ஹாரன் கேட்கும். அப்போது வடிவு பேசிக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்தால் பேனா நின்றுவிடும். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மிச்ச வார்த்தை வரும்.

ஜெனோவா இதைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

*

அந்த வருஷம் நித்திலா வந்தாள்.

மாவட்ட ஹாக்கி அணியின் கோல்கீப்பர். முழங்கையில் ஒரு புண் ஆறுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். படிப்பிலும் படுசுட்டி. அவள் வாங்கியிருந்த மார்க்குக்குச் சென்னையின் பெரிய எஞ்சினியரிங் காலேஜ் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது என்றே சொல்லலாம்.

அவளோ உள்ளூர் காலேஜில் சிவில் போதும் என்றாள்.

இந்தக் கவுன்சிலிங் சமாச்சாரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த கல்லூரிகளை ஆன்லைனில் வரிசையாக வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். மார்க்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். நித்திலாவின் மார்க்குக்கு, அவள் எதை மேலே வைக்கிறாளோ அதுதான் அவளுக்கு. ‘லாக்’ என்ற பட்டனை அமுக்கியாகிவிட்டால் பிறகு கடவுளே வந்து சொன்னாலும் மாற்ற முடியாது.

அதனால் ஜெனோவாவின் அலுவலகத்தில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. அந்தப் பட்டனைப் பிள்ளையின் விரல்தான் தொட வேண்டும். அப்பா விரல், அம்மா விரல், கவுன்சிலர் விரல் எதுவும் கூடாது.

வடிவு ஜெனோவாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“மேடம், அந்தப் பிள்ளைட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும்.”

“என்னன்னு?”

“மெட்ராஸ் காலேஜ மேல வைக்கச் சொல்லுங்க. இவ்வளவு மார்க்க வாங்கி வச்சுக்கிட்டு, வீட்டுலருந்து சைக்கிள்ல போற காலேஜு போதும்ங்கா. கிறுக்கா அவளுக்கு?”

“ஏன்னு கேட்டீங்களா?”

“டீம் இங்க இருக்காம். கிரவுண்டு இங்க இருக்காம். பகல்ல கிளாஸு, சாயங்காலம் கிரவுண்டாம். சிரிச்சுக்கிட்டே சொல்லுதா மேடம்.”

“சிரிச்சுக்கிட்டா சொன்னா?”

“ஆமா.”

“அதுக்கு மேல நான் என்னத்தக்கா சொல்ல?”

“அவளுக்கு விவரம் பத்தாது. இங்கனயே கெடந்து என்னத்தப் பாக்கப் போறா? ஒருக்கா வண்டியேறிட்டான்னா...”

வடிவின் பார்வை ஸ்டேஷன் பக்கம் போனது. ஏன் போனது என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஜெனோவா பேச்சை மாற்றினாள்.

“நாளைக்கு சர்ச்சுல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம் இருக்கு. வர சாயங்காலம் ஆயிரும். நித்திலாவுக்கு நாளைக்கு அஞ்சு மணியோட கடைசி. நீங்களே முடிச்சுவிட்டுருங்க.”

“நானா? தனியாவா?”

“தனியாத்தான்.”

எத்தனை வருஷமாகக் கேட்ட வரம். வடிவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்.

*

மறுநாள் மத்தியானம் நித்திலா அம்மாவோடு வந்தாள். அம்மா பேர் பொன்ராணி. ஆஸ்பத்திரியில் ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, பிராக்டிஸுக்கு நேரமாயிட்டு. சட்டுன்னு முடிச்சிருவோமா?”

வடிவும் நித்திலாவும் சேர்ந்து வரிசையை வைத்தார்கள். மேலே உள்ளூர் காலேஜ். சென்னைக் காலேஜ் கீழே எங்கேயோ.

லாக் பண்ணுகிற நேரம் பார்த்து சர்வர் படுத்துவிட்டது. லேப்டாப் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நித்திலாவின் காலும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

“நீ போ. நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் வடிவு.

“நாந்தான அமுக்கணும்? மேடம் சொன்னாங்களே.”

“அம்மா இருக்காங்கல்லா. ஓடிபி அம்மா போனுக்குத்தான வரும். நீ கெளம்புட்டி, கோச்சு ஏசப்போறாரு.”

நித்திலா மட்டையையும் பையையும் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

அலுவலகத்தின் ஒரே கண்டிப்பு அவள் பின்னாலேயே படியிறங்கிப் போய்விட்டது. பிள்ளைக்கு உதவி செய்ததாகத்தான் வடிவு நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சர்வருக்கு உயிர் வந்தது.

வடிவு திரையைப் பார்த்தாள். மவுஸைப் பிடித்த கை பரபரத்தது. ஒரே ஒரு இழுப்பு. சென்னை மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஒரு சின்ன மாத்தம் பண்ணிருக்கேன்,” என்றாள் பொன்ராணியிடம். “மெட்ராஸ மேல வச்சிருக்கேன்.”

“அவ இங்கதான் வேணும்னு சொன்னாளே?”

“சின்னப்பிள்ள. இன்னைக்கு அப்படித்தான் சொல்லுவா. பின்னாடி நமக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவா.”

பொன்ராணி யோசித்தாள். இந்த ஊரில் படித்தவர்கள் சொன்னால் அதற்கு மேல் யோசிக்கக் கூடாது என்று பழகியவள்.

“உங்களுக்குத் தெரியாததா மேடம். நீங்க பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும்.”

போன் சிணுங்கியது. ஓடிபி வந்துவிட்டது. அதை வாசிக்கப் பொன்ராணி பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். தேடிக்கொண்டே கேட்டாள்.

“அங்க ஹாஸ்டல்லாம் எப்படி மேடம்? பிள்ளைய ஒத்தையில விட்டதே இல்ல.”

“அதப் பத்திக் கவலையே படாதீங்க.”

வடிவின் முகம் மலர்ந்துவிட்டது.

“வாசல்ல பெரிய பெரிய தூணா இருக்கும். உள்ள போனா ரெண்டு பக்கமும் வேப்பமரம். ஹாஸ்டல் அதுக்குப் பின்னால. மாடி ரூமு கெடச்சுதுன்னா ஜன்னல்லாம் பெருசு, கட்டில ஜன்னலோரமாப் போட்டுக்கிடலாம். சாயங்காலம் ஆச்சுன்னா பிள்ளைக தலையச் சீவிக்கிட்டு வராண்டால வந்து நிக்கும். கடல்காத்து அங்க வரைக்கும் வரும். படிச்சுக்கிட்டு இருக்கும்போது தூரத்துல ரயில் சத்தம் கேக்கும். ஆனா அந்தச் சத்தம் நம்மள ஒண்ணும் செய்யாது. நாமதான் வந்து சேந்துட்டோமே...”

பொன்ராணி தேடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க அங்கதான் படிச்சீங்களா மேடம்?”

“இல்ல.”

“அப்ப நேர்ல போய்ப் பாத்திருக்கீங்க.”

வடிவு மவுஸை விட்டுக் கையை எடுத்தாள்.

“இல்ல,” என்றாள் கடைசியில். “பாத்ததில்ல.”

பொன்ராணிக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. மாட்டிக்கொண்டு ஓடிபி நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

வடிவு அடிக்கவில்லை.

பதினேழு வயதில் அதே காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்தது. டிரங்குப்பெட்டி ஸ்டேஷன் வரைக்கும் போனது. வண்டியும் வந்து நின்றது. பிளாட்பாரத்தில் வைத்து அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ‘அடுத்த வாரம் போவோம்மா,’ என்றார். அழுதுகொண்டே சொன்னதால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. வண்டி போய்விட்டது. அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

பெட்டியைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வடிவு மட்டும் திரும்பி வரவேயில்லை போலிருக்கிறது. இத்தனை வருஷமும் அந்த பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டு, வருகிற பிள்ளைகளையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“கிளம்புங்க.”

“எங்க மேடம்?”

“கிரவுண்டுக்கு. அவ விரல் வேணும்.”

*

ஆட்டோக்காரரிடம் வேகமாகப் போகச் சொன்னது வடிவுதான். ஆற்றுப் பாலத்தில் வண்டி நெரிசலில் மாட்டி நின்றபோது இறங்கி ஓடலாமா என்று கேட்டதும் அவள்தான். பொன்ராணிக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் போனை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. கோல் முன்னால், தலையில் ஹெல்மெட்டும் காலில் மெத்தை மாதிரி காப்பும் கட்டிக்கொண்டு நித்திலா குனிந்து நின்றாள்.

“ஏட்டி நித்திலா!”

ஆட்டம் நின்றது. கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஏதோ கத்தினார். வடிவு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோல் கம்பத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

நித்திலா அசைந்து அசைந்து வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். திரையைப் பார்த்தாள்.

“அக்கா, இது நாம வச்ச வரிசை இல்லையே.”

“இல்ல. இது என்னோடது.”

“உங்களுக்கு மெட்ராஸா வேணும்?”

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். வடிவின் கண் நிறைந்துவிட்டது.

“நேரமில்ல. நீ உன்னோடத வை.”

நித்திலா ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, பல்லால் கடித்து ஒரு கையுறையைக் கழற்றினாள். வியர்த்த விரலால் உள்ளூர் காலேஜைப் பிடித்து மேலே இழுத்துவந்து வைத்தாள். புதிதாக வந்த ஓடிபியை அம்மா வாசித்தாள். நித்திலாவே அடித்தாள். அவளே லாக்கை அமுக்கினாள்.

“முடிஞ்சுதாக்கா?”

“முடிஞ்சுதுட்டி.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டே கோலுக்குள் ஓடினாள். போய் நின்றதும் மட்டையால் இரண்டு கம்பத்தையும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். அது அவள் வழக்கம். அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு பிள்ளை நிற்கும் என்று வடிவு நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

*

ஜெனோவா கல்யாணத்திலிருந்து பட்டுப்புடவையோடு வந்து சேர்ந்தாள். வடிவு ஒன்றையும் மறைக்கவில்லை. பிள்ளையைப் போகச் சொன்னது, வரிசையை மாற்றியது, ஹாஸ்டலைப் பற்றி அளந்தது, பிளாட்பாரம், டிரங்குப்பெட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான் இதுக்கு லாயக்கில்ல மேடம். திரும்ப பள்ளிக்கூட ஆபீசுக்கே போயிருதேன்.”

ஜெனோவா எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.

வடிவு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு முதல்ல என்னக்கா வேணும்?”

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. வடிவு இந்தத் தடவை அது ஓயும்வரை காத்திருக்கவில்லை.

“அந்த வண்டி,” என்றாள்.

பிறகு சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். ஜெனோவா தடுக்கவில்லை. தண்ணீரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள்.

“நாளைக்கும் அந்த வண்டி உண்டுல்லா?”

“தெனமும் உண்டு மேடம்.”

“அப்புறமென்ன?”

வடிவு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் மென்று முழுங்கிச் சொன்னாள். அவர் பேட்டரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மெட்ராஸுக்கா? போயிட்டு வா. இதுக்கா இந்த இழுப்பு இழுக்க? முன்னயே கேட்டிருந்தா முன்னயே போயிருக்கலாம்லா.”

அது அவளுக்கு இன்னும் வலித்தது. எத்தனையோ வருஷமாக அவளை யாருமே பிடித்துவைத்திருக்கவில்லை.

*

வடிவு சென்னைக்குப் போய்த் திரும்பி வந்த அன்று காலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். முகத்தில் ரயில் தூக்கம் இருந்தது.

“எப்படி இருந்துச்சு?” என்றாள் ஜெனோவா.

“வேப்பமரமே இல்ல மேடம். எல்லாம் வேற என்னமோ மரம்.”

“தூணு?”

“இருந்துச்சு. நான் நெனச்ச அளவுக்குப் பெருசு இல்ல.”

“உள்ள போனீங்களா?”

“வாசல் கேட்டு வரைக்கும் போனேன். வாட்ச்மேன் யாரப் பாக்கணும்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

வடிவு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையச் சேக்க வந்திருக்கேன்னு சொன்னேன்.”

ஜெனோவா சிரிக்கவில்லை.

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“பிள்ளை எங்கம்மான்னு கேட்டாரு. அவ முன்னாலயே உள்ள போயிட்டான்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரம் அங்கனயே நின்னேன் மேடம். வந்துட்டேன்.”

ஜெனோவா தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மேஜைமேல் கிடந்த தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வெளி பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை அப்பாவோடு காத்திருந்தாள்.

“உள்ள போம்மா,” என்றாள் ஜெனோவா. “மேடம் இருக்காங்க.”